தருமபுரியில் இருந்து ஆராய்ச்சி: பிள்ளைகளும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் வேதியியல் நடத்தி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. முதுகலை முடிக்கப்போகும் பிள்ளைகள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்கள் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். பணம் இல்லை, கருவி இல்லை, நேரம் இல்லை, இங்கிருந்து என்ன செய்வது? நைரோபியிலும் டாக்காவிலும் இருக்கும் சிறிய கல்லூரிகளுக்கும் இதே கவலைதான். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய ஆய்வகங்கள் இருக்கும்போது நம் ஊர்க் கல்லூரியில் எதற்கு ஆராய்ச்சி?

நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் சொத்தை குறையட்டும் என்று அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் 1945ல் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். அங்கே எழுந்த கேள்வி, எவ்வளவு சேர்க்கலாம் என்பது. நம் கேள்வி நேர் எதிரானது: தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதை எப்படி எடுப்பது? பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் பல்லில் பழுப்புக் கறை. முற்றினால் முழங்கால் மடங்காது, முதுகு நிமிராது. கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில் பாறைத் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது. அந்த நீரில் கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைக்க எதுவும் இல்லை.

ஃபுளோரைடு மிகுதியால் வரும் இந்த நோய்க்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இதை மருத்துவ உலகத்துக்கு முதலில் சொன்ன கட்டுரை 1937ல் வந்தது. அது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களைப் பற்றியது. 1970களில் நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படிய வைக்கும் முறையை உருவாக்கியது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தின் பெயரே அந்த முறைக்கும் நிலைத்துவிட்டது. அது ஆப்பிரிக்கா வரை போனது. கென்யாவின் நகுருவில் வேறு வழி கண்டார்கள். மாட்டெலும்பைக் கரியாக்கி அதன் வழியாகத் தண்ணீரை வடித்தார்கள். வேலை செய்யும் முறைதான். ஆனால் எலும்புக்கரியில் வடித்த தண்ணீரைக் குடியுங்கள் என்று நம் ஊரில் எத்தனை வீடுகளில் சொல்ல முடியும்? ஒரு ஊரில் பலித்த விடை இன்னொரு ஊரில் வாசல்படியிலேயே நின்றுவிடலாம். அந்த வாசல்படியை அறிந்தவர் நீங்கள். பெங்களூரில் இருப்பவருக்குக் கருவி தெரியும், அரூரில் ஒரு பாட்டி எந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிக்கவும் எந்தக் குடத்துத் தண்ணீரைச் சமைக்கவும் எடுக்கிறார் என்பது தெரியாது.

ஒகேனக்கல் தண்ணீர்தான் வந்துவிட்டதே, இனி என்ன ஆராய இருக்கிறது?

வந்தது பெரிய நன்மை. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,929 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் நடைமுறைக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல்லும் உண்டு. ஆனால் குழாய் போட்டதோடு கேள்விகள் முடியவில்லை, இப்போதுதான் சுவையான கேள்விகள் தொடங்குகின்றன. மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீரோடு போர்வெல் நீரும் கலக்கப்படும் ஊர்களில் குழாயடியில் வரும் அளவு என்ன? தண்ணீர் வராத நாட்களில் வீட்டில் எதைக் குடிக்கிறார்கள்? 2013க்குப் பிறகு பிறந்து இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பல், அவர்களுடைய அண்ணன் அக்காமாரின் பல்லைவிட எப்படி இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பல் மருத்துவர், சம்மதக் கடிதம், ஒரு பதிவேடு போதும்.

குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தரநிலை ஏற்கத்தக்க அளவை 1 மில்லிகிராம் என்று வைத்து, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை விடுகிறது. சித்திரை வெயிலில் கல்லுடைக்கும் ஒருவர் எத்தனை லிட்டர் குடிக்கிறார் என்று அளந்து பார்த்தால், இந்த எண்கள் அவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி தானாக வரும்.

புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், புளி சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு அதிகமாக வெளியேறியது. புளி மருந்து என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் புளியமரம் நிறைந்த மாவட்டத்தில் இதைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள் வேறு யார்?

வங்கதேசத்தையும் மறக்காதீர்கள். 1970களிலிருந்து அங்கே கிருமி இல்லாத தண்ணீர் கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் இலட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது 1990களில்தான் தெரிந்தது. தோண்டும்போதே யாராவது அளந்திருக்க வேண்டும்.

ஏழை நாட்டு நிறுவனத்திலிருந்து உலகத்துக்கே பயன்படும் ஆராய்ச்சி வந்திருக்கிறதா?

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தெரியாத வீடு கிடையாது. அதன் ஆய்வு 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்தது. 1971ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் கரைசலை டிரம்மில் கலந்து, குடும்பத்தாரையே டம்ளரில் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வசதி குறைந்த இடத்தில்தான் அந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது, விடையும் அங்கேயே கிடைத்தது.

ஃபுளோரைடு தவிர வேறு தலைப்புகள்?

சாமை. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் சாமை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவற்றில் இரகங்கள் கொடுத்திருக்கிறது. பையூர் 2 என்ற பெயர் நம் விவசாயிகளுக்குப் பழக்கம். ஆனால் சாமையைப் பயிரிடுவதைவிடத் தோல் நீக்குவதுதான் பெரிய பாடு. மணி சிறியது, தோல் இறுக்கம், அரைத்தால் நொய்யாகிவிடும். ஊர் அளவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வைத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்தை மேம்படுத்துவது பர்கூர் பொறியியல் மாணவர்களுக்கு எத்தனை நல்ல செயல்திட்டம்! ஒவ்வொரு ஆண்டும் யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிறேன்.

தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையடியில் நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் பாயும் வயலின் மண்ணையும் கீரையையும் மாதாமாதம் பார்க்க ஆள் வேண்டும். கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாம்பழம் ஒரே சமயத்தில் குவிந்து விலை சரிவது, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வரும் பாதைகள், இவையும் உண்டு. ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. தாவரவியல் பிள்ளைகள் ஒருமுறையாவது போய்ப் பார்த்து வாருங்கள்.

எதற்கு முன்னுரிமை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

பணம் தருகிறவர்களும், கட்டுரையை ஏற்கிற ஆய்விதழ்களும். உலக உடல்நல ஆராய்ச்சிப் பணத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவானதுதான் உலகின் 90 சதவீத நோய்ச்சுமைக்குச் செலவாகிறது என்று 1990களில் கணக்கிட்டார்கள். ‘10/90 இடைவெளி’ என்று அதற்குப் பெயர். சந்தையில் வாங்க ஆள் இல்லாத மருந்தை யாரும் தேடுவதில்லை. எங்கள் கிணற்று நீர்க் கட்டுரை ஒன்று, இது உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உள்ளது என்ற ஒரு வரியோடு திரும்பி வந்திருக்கிறது. பாஸ்டன் நகரத் தண்ணீர் மட்டும் எப்படி உலக முக்கியத்துவம் பெறுகிறது என்று அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் அதே அளவுகளை எத்தியோப்பியப் பிளவுப் பள்ளத்தாக்கின் அளவுகளோடு ஒப்பிட்டு எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். இது ஒரு வழி. ஆனால் கேள்வியையே ஆய்விதழுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளாதீர்கள். கிராமத்துக்குத் தேவையில்லாத நானோ துகளைச் செய்து கடைசிப் பத்தியில் ‘நீர்ச் சுத்திகரிப்புக்கு உதவலாம்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் பரவிவிட்டது. மனது கேட்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

பணம்?

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் (2020–21 கணக்கு). தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2023ல் சட்டமாக வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரவேண்டியது. நம்மைப் போன்ற கல்லூரிகள் நேரே அங்கே போய் நிற்பது கடினம். முதலில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். தொகை சிறியது, ஆனால் கணக்கு ஒப்படைத்து ஒரு திட்டத்தை முடித்த பெயர் கிடைக்கும்.

இன்னொன்று. பணம் வருவது பாதி வேலை, செலவழிப்பது மீதி. ஜனவரியில் தவணை வந்து மார்ச்சுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தைச் செலவழித்த கணக்கு, கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எடுக்க வேண்டிய மாதிரி, பணம் வரும்வரை காத்திருக்காது. விண்ணப்பத்திலேயே மாதவாரியாகச் செலவை எழுதி, எந்தப் பருவத்தில் எது தேவை என்று காட்டுங்கள்.

கருவி பழுதானால்?

எங்கள் நிறமாலைமானியின் விளக்கு போய் நான்கு மாதம் உறை போட்டு மூடிக் கிடந்தது. விளக்கின் விலை பெரிதில்லை. மூன்று விலைப்புள்ளி, ஒப்புதல், பொறியாளர் வரும் நாள் என்று ஒரு மாணவியின் ஒரு பருவமே போனது. உலகம் முழுக்க இதே கதைதான்: நன்கொடையாக வரும் மருத்துவக் கருவிகளில் 10 முதல் 30 சதவீதமே சில நாடுகளில் இயங்கும் நிலைக்கு வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. கையேடு வேறு மொழியில், உதிரிபாகம் வேறு கண்டத்தில், மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது.

2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை போய் 18 சதவீதமானது. 2025 ஜூனில் மத்திய அரசு கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. அது மத்திய அறிவியல் துறைகளின் நிறுவனங்களுக்கானது, நம் மாநிலக் கல்லூரிகளின் நடைமுறை பழையபடியே.

அதனால் என் யோசனை: வாங்கும்போதே பராமரிப்பு ஒப்பந்தத்தையும் உதிரிபாகங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய கருவி வேண்டுமென்றால் வாங்க நினைக்காதீர்கள். 2020ல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் நாட்டின் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து நேரம் பதிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

தூரத்து ஆய்வகத்தை நம்புவது நமக்கு மட்டுமான நிலை இல்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது இந்த மண்ணுக்காரர்களுக்கு எவ்வளவு பெருமை! தமிழகத் தொல்லியல் மாதிரிகள் பல காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய்வந்திருக்கின்றன. 2025 ஜனவரியில் வந்த இரும்பின் தொன்மை அறிக்கைக்கு லக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களும் மாதிரிகளை ஆய்ந்தன. அடுத்த படி, பகுப்பாய்வை விளக்கத் தெரிந்த ஆட்கள் இங்கேயே உருவாவது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவே பணம் கேட்கிறார்களே?

அரசுக் கல்லூரியில் இருந்தால் இப்போது நிலைமை மாறிவிட்டது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25ல் ஒப்புதல் கிடைத்து, 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் நாளைக்கே கேளுங்கள். தனியார் கல்லூரிப் பிள்ளைகள் இந்த முதல் கட்டத்தில் வெளியேதான் இருக்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு ‘ரிசர்ச் ஃபார் லைஃப்’ திட்டம் வழியாக ஆய்விதழ்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஏழைக்குரிய சலுகையும் இல்லை, பணக்காரருக்குரிய வசதியும் இல்லை என்ற நடுவாசலில்தான் நாம் பல காலம் நின்றோம்.

பணம் கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பற்றி எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பெரிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. சட்டப்படி வேறு வழிகள் இருக்கின்றன. கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலோர் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள், அதோடு ஒரு பழக்கமும் கிடைக்கும். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ களஞ்சியம் இருக்கிறது.

பணம் கட்டினால் நான்கே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா?

வேண்டாம். என் மாணவர் ஒருவர் எனக்குத் தெரியாமல் அனுப்பி, பிழை திருத்தாமலே அச்சாகி வந்து, பிறகு அதே தரவை நல்ல இடத்துக்கு அனுப்ப முடியாமல் தவித்தார். பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்து வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி நல்லது கெட்டதைக் கல்லூரியே பிரித்தறிய வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பர் விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல இதழ்களிலும் கட்டணம் உண்டு என்பது உண்மை. ‘நேச்சர்’ இதழில் எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட 2021ல் 9,500 யூரோ என்று நிர்ணயித்தார்கள். பிரேசில் 1998லேயே ‘சைலோ’ தளத்தைத் தொடங்கி, லத்தீன் அமெரிக்க இதழ்கள் பலவற்றைப் படிப்பவருக்கு இலவசமாக்கியது. அங்கே செய்ய முடிந்ததை இந்திய மொழிகளில் ஏன் செய்யவில்லை என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

வெளியூர்க் குழு ஒன்று மாதிரி சேகரிக்க உதவி கேட்கிறது. செய்யலாமா?

செய்யலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கிராமத்துக்குப் போனபோது ஒரு அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். “போன தடவை வந்தவங்க ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல.” எனக்குப் பதில் வரவில்லை. ரத்தம் எடுத்தவர்கள் நாங்கள் இல்லை என்றாலும், அவர் கண்ணில் நாங்களும் அவர்களும் ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017ல் தங்களிடம் ஆய்வு செய்ய வருபவர்களுக்குத் தாங்களே ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழி என்று அதில் கேட்டார்கள். நம் சித்தேரி, சிட்லிங்கி மலை மக்களும் இதைக் கேட்கத் தகுதியானவர்கள். ஆகவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே, முடிவை ஊருக்கு எப்போது தமிழில் சொல்வீர்கள், தரவின் பிரதி எங்கள் கல்லூரியில் இருக்குமா, களவேலை செய்த மாணவரின் பெயர் கட்டுரையில் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். நன்றியுரையில் ‘உள்ளூர் உதவியாளர்கள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

ஆங்கிலம் சரியாக வராது. அது தடையா?

தடைதான், ஆனால் கடக்கக்கூடியது. முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். என்ன கண்டீர்கள் என்பது தமிழில் தெளிவாகவில்லை என்றால் ஆங்கிலத்திலும் ஆகாது.

வாரம் முழுக்கப் பாடம் நடத்துகிறோம். எப்போது ஆராய்ச்சி செய்வது?

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்பது மானியக் குழுவின் அளவு. தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, குறிப்பேடு திருத்துவது எல்லாம் அதற்கு மேல். கௌரவ விரிவுரையாளர்களின் பாடு இதைவிடக் கடினம். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஐந்தாண்டு ஆய்வைப் பற்றிப் பேசுவதே கொடுமை. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் ஆராய்ச்சி வளரவில்லை என்று யாரும் குறைசொல்லக் கூடாது. நான் செய்துவந்தது இதுதான்: இளங்கலைச் செய்முறை வகுப்பையே அளவீட்டு வேலையாக மாற்றினேன். கடின நீரைத் தரம்பார்க்கும் பாடத்துக்குக் குழாய்த் தண்ணீருக்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது.

திருமணத்துக்குப் பிறகு ஆய்வைத் தொடர முடியுமா?

விதி உங்கள் பக்கம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வை முடிக்க உள்ள 6 ஆண்டு வரம்புக்கு மேல் பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதலாக உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. இந்த இரண்டையும் வீட்டில் உள்ளவர்களிடமும் நெறியாளரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாததால்தான் நல்ல பிள்ளைகள் பலர் பாதியில் நின்றார்கள்.

சரி சார், எங்கிருந்து தொடங்குவது?

இருபது கிணறுகளோ போர்வெல்களோ தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தூரம் போதும். வருடம் இரண்டு முறை, சித்திரை வைகாசியில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில்தான். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டுப் பிடியுங்கள். தேதி, இடம், போர்வெல்லின் ஆழம் எத்தனை அடி, கடைசியாக எப்போது ஆழப்படுத்தினார்கள் என்று உரிமையாளரிடம் கேட்டு அங்கேயே எழுதுங்கள். ஃபுளோரைடு மின்முனை இருந்தால் கல்லூரியிலேயே அளக்கலாம். பத்தில் ஒரு மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுத்து உங்கள் எண்ணைச் சரிபாருங்கள்.

நெறியாளர் மாறினாலும் நீங்கள் படிப்பை முடித்துப் போனாலும் அந்தப் பதிவேடு துறையில் இருக்க வேண்டும். அடுத்த ஜூனியரைக் கூட்டிப்போய்க் கிணறுகளைக் காட்டிவிடுங்கள். பெரிய நகரத்து ஆய்வகத்துக்கு இருபது கிணற்றைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையும் இருக்காது, பக்கத்திலும் இருக்காது. அளந்த எண்ணை ஒரு சீட்டில் தமிழில் எழுதி அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு, தையில் மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.